அடியில் இருக்கும் கை

பூவில் இன்னும் ஒன்றரை இதழ்தான் பாக்கி. பட்டுத் துணியை ஊசி துளைக்கும்போது ஒரு சத்தம் வருகிறது, மிகச் சின்னச் சத்தம், வளையத்தில் இழுத்துக் கட்டிய துணி உடுக்கைத் தோல் போல விறைத்து நிற்பதால் வருகிற சத்தம், டப் என்று. நாற்பத்து நான்கு வருஷம் தையல்காரனாக இருந்தும் ஊசிக்குச் சத்தம் உண்டு என்பது பதினோரு நாளைக்கு முன்னால்தான் எனக்குத் தெரியும். மிஷினில் அது ஒரு நிமிஷத்துக்கு எத்தனை நூறு தடவை இறங்கி ஏறியதோ, எனக்குக் கேட்டதெல்லாம் மோட்டாரின் இரைச்சல். மழை பெய்யும்போது ஒரு துளியின் சத்தத்தை யார் கேட்டார்கள். இப்போது ஒவ்வொன்றாகக் கேட்கிறது. டப். பிறகு நூல் துணிக்குள் வழுக்கிப் போகிற ஸ்ஸ் என்ற இழுப்பு. பிறகு ஒன்றுமில்லை, ஊசி அடியில் இருக்கிறது, அடியில் இருக்கும் இடது கையிடம் போய்விட்டது, அந்தக் கை அதை வாங்கித் திருப்பி மேலே அனுப்பும் வரை நான் வெறும் துணியைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். மணி ஒன்றரை இருக்கும். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் ஞானசெல்வி டீச்சர் வருவார். இன்று வியாழன். திங்கட்கிழமை அவர் மகள் ஷைனிக்குக் கல்யாணம். நேரம் நிறைய இருக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொள்கிறேன், ஒரு ஜாக்கெட்டை நாற்பது நிமிஷத்தில் தைத்து வீசிய ஆள் நான், ஆனால் ஓர் இதழுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது, அந்த ஒரு மணி நேரம் எங்கே போகிறது என்றும் தெரியவில்லை, போகிற மாதிரியும் இல்லை, குளத்துத் தண்ணீர் மாதிரி அப்படியே நிற்கிறது, நான்தான் அதில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் டீச்சர் கடைக்கு வந்தபோது வேறு இரண்டு பெண்கள் இருந்தார்கள். டீச்சர் வாசலிலேயே நின்றுகொண்டு எதிர்க்கடை போர்டைப் படித்துக்கொண்டிருந்தார். அந்த போர்டில் படிக்க மொத்தம் மூன்று வார்த்தைகள். அவர்கள் போன பிறகு உள்ளே வந்து பையைப் பலகையில் வைத்தார். கல்யாணப் புடவையோடு வந்த ஜாக்கெட் துணி, அரக்கு நிறப் பட்டு, கைக்கு மட்டும் ஜரிகைக் கரை, மற்ற இடமெல்லாம் வெறும் அரக்கு. கூடவே அளவுக்கு ஒரு பழைய ஜாக்கெட். அளவு ஜாக்கெட் கொடுத்துவிட்டால் தையல்காரன் டேப்பைத் தொட வேண்டாம், அதை விரித்துப் போட்டு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கோவில்பட்டியில் என் கடைக்கு வருகிற பெண்கள் முக்கால்வாசிப் பேர் இப்போது அப்படித்தான். என் மனைவி சண்முகக்கனி இருந்தவரை திரைக்குப் பின்னால் அவள்தான் அளவெடுப்பாள். அவள் போய் இரண்டு வருஷம். டீச்சருக்கு எட்டு மாசத்துக்கு முன்னால் மதுரையில் ஆபரேஷன் நடந்தது தெருவுக்கே தெரியும், என்ன ஆபரேஷன் என்பதும் தெரியும், யாரும் பேரைச் சொல்லிப் பேசியதில்லை. “இடது பக்கம் மட்டும் கொஞ்சம் பூ வேலை வேணும் அண்ணாச்சி. நெருக்கமா. பாக்கிற கண்ணு பூவுலயே நின்னுறணும்” என்றார். “மிஷின்ல போட்டது ஒண்ணு ரெடிமேடா வாங்கிப் பார்த்தேன். உள்ள குத்துது. கையில போட்டா குத்தாதாமே.” நான் தலையாட்டினேன். “யாருக்கிட்டயாவது கொடுத்து வாங்கித் தருவீங்களா?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள், “வேற யாருக்கிட்டயும் கொடுக்க வேண்டாம்” என்றார். “நானே போட்டுத் தர்றேன் டீச்சர்.” “உங்களுக்குக் கை வேலை தெரியுமா?” “தெரியும்.” அந்தப் பொய் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை, பட்டன் தைக்கக்கூட நான் கையில் ஊசி எடுத்தவனில்லை, ஹெம்மிங், ஹூக், காஜா எல்லாம் சண்முகக்கனி, அவளுக்குப் பிறகு பக்கத்துத் தெருவில் கொடுத்து வாங்குகிறேன். டீச்சர் அளவு ஜாக்கெட்டைத் தொட்டுக் காட்டினார், வாயால் சொல்லவில்லை. அதன் இடது மார்பில் ஒரு சின்ன ஊக்கு குத்தியிருந்தது. எந்தப் பக்கம் என்பதற்கு அடையாளம். “மேடைக்கு நான் ஏறலை. முன் வரிசையில சால்வையைப் போர்த்திக்கிட்டு உக்காந்துக்கிடுவேன். ஷைனி என்னடான்னா அம்மா ஏறலைன்னா நானும் ஏறலைங்கா. பிடிவாதம். ஜாக்கெட்டாவது நல்லா இருந்தா ஒருவேளை…” அதோடு நிறுத்திக்கொண்டார். கணக்கு டீச்சர். பாதியில் எதையும் விடுகிறவர் இல்லை.

டப். ஊசி இறங்கிவிட்டது. ஃபேன்சி ஸ்டோர் மும்தாஜிடம்தான் முதலில் போய் நின்றேன், வளையம் வேண்டும், நூல் வேண்டும் என்று. “யாருக்குண்ணே?” “எனக்குத்தான்.” அவள் சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு நூல் சுருளைப் பிரித்து ஒரு சாண் வெட்டி நுனியைக் கசக்கிக் காட்டினாள். ஒரு நூல் ஆறு நூலாக விரிந்தது. “ஆறு இழை இருக்கும்ணே. பட்டுக்கு ரெண்டு போதும். உருவி எடுங்க, மெதுவா, ஒண்ணு ஒண்ணா.” நான் அந்த ஆறையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் கண்டு நூல் ஓட்டியிருப்பேன், நூல் என்றால் ஒன்று என்றே நினைத்திருந்தேன். அவள் ஒரு துண்டுத் துணியில் காம்புத் தையலும், இதழை இழை இழையாக நிரப்புகிற சாட்டின் தையலும் போட்டுக் காட்டினாள். மறுநாள் நான் போட்டுப் பார்த்ததைக் கொண்டுபோய் அவள் கடை ஸ்டூலில் உட்கார்ந்து போட்டபோது, “அண்ணே, காலு ஓடுது பாருங்க. வண்டி எங்க போகுது?” என்றாள். குனிந்து பார்த்தால் என் இரண்டு பாதமும் இல்லாத பெடலை மிதித்துக்கொண்டிருந்தன. ஊசி வேகமாக இறங்காததற்குக் கால் தன்னால் ஆனதைச் செய்து பார்த்திருக்கிறது. இப்போதும் ஓடும், அதனால் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதங்களை ஸ்டூல் கம்பிக்குள் மாட்டிக்கொண்டு உட்காருகிறேன். பக்கத்தில் இஸ்திரிக் கடை பூலோகம் நாலாம் நாள் எட்டிப் பார்த்தான். “என்ன அண்ணாச்சி, மிஷின் சத்தத்தையே காணோம். உடம்புக்கு என்னமும் செய்யுதா?” வளையத்தைப் பார்த்துவிட்டு, “பூவா! அப்ப நாளையிலேர்ந்து வாசல்ல கோலமும் நீருதானா?” என்றான். “உன் வாசல்லயும் சேர்த்துப் போட்டுத் தாரேன், போ.” அவன் போன பிறகும் வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வெட்கத்தை நினைத்துக்கொண்டே இருக்க முடியவில்லை, ஊசி கீழே போயிருந்தது, அது எங்கே வரும் என்று பார்க்க வேண்டியிருந்தது.

அதுதான் எனக்குப் பிடிபடாத அதிசயம். மிஷினில் ஊசி நின்ற இடத்தில் நிற்கும், துணி ஓடும். இங்கே துணி நிற்கிறது, ஊசி போகிறது. மிஷினில் அடிப்பக்கம் பாபினின் பொறுப்பு, ஓர் இரும்புக் கிண்ணத்துக்குள் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும், நூல் தீர்ந்தால் மட்டும் அதை நினைப்பேன். இங்கே பாபின் இருந்த இடத்தில் என் இடது கை இருக்கிறது. அதை நான் பார்ப்பதில்லை. கண்ணெல்லாம் மேலே. முதல் நாள் அது எங்கே துளைப்பது என்று தெரியாமல் துணியின் அடியில் தடவித் தடவி என் விரலையே நாலு தடவை குத்தியது. ஐந்தாம் நாளிலோ ஆறாம் நாளிலோ, எப்போது என்று சொல்ல முடியவில்லை, நான் நினைத்த புள்ளியில் ஊசி முனை மேலே வந்து நின்றது. அரிசியில் கால்வாசி இருக்கும் இடம். யார் அந்தக் கைக்குச் சொன்னது. நான் சொல்லவில்லை. எனக்கு அது எப்படி என்று தெரியாதே, தெரியாததை எப்படிச் சொல்வேன். அறுபத்து மூன்று வருஷமாக என்னோடு சாப்பிட்டுத் தூங்கிய கை, துணியைத் தள்ளிப் பிடிப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத கை என்று நினைத்திருந்தேன், அது இருட்டுக்குள் தானாக ஒன்றைப் படித்துக்கொண்டுவிட்டது. சண்முகக்கனியும் அப்படித்தான் என்று அன்றைக்குத் தோன்றியது, தோன்றியதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். நான் மிஷினில் உட்கார்ந்திருப்பேன், அவள் திரைக்குப் பின்னால் ஒரு பெண்ணோடு நிற்பாள், முப்பத்தாறு என்பாள், முப்பது என்பாள், பதினாலரை என்பாள், நான் நோட்டில் எழுதுவேன். அங்கிருந்து எனக்கு எண்கள் மட்டும்தான் வரும். குசுகுசுவென்று பேச்சு கேட்கும், சில நேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும், பிறகு அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, “வெள்ளிக்கிழமை கிடைச்சிருமா அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டுப் போவாள். ஒரு தடவை ஒரு புதுப்பெண்ணுக்கு, “கையை முழங்கை தாண்டி வைங்க” என்றாள் சண்முகக்கனி. “இப்ப யாரு அவ்வளவு நீளம் வைக்காங்க?” என்றேன். “வைங்கன்னா வைங்க. கேக்காதீங்க.” அந்தப் பெண்ணின் கையில் என்ன காயம் இருந்தது என்று இரண்டு மூன்று வருஷம் கழித்துத் தெரு பேசித்தான் எனக்குத் தெரிந்தது. எத்தனை பேர் எத்தனை சொன்னார்களோ. ஒன்றுகூட வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னதில்லை. அவளுக்கும் யாரிடமாவது சொல்ல ஏதாவது இருந்திருக்குமா. அவளுக்கு ஜாக்கெட் தைப்பதும் அளவு ஜாக்கெட்டை வைத்துத்தான், பழையதைக் கொண்டுவந்து மிஷின் மேல் போட்டுவிட்டுப் போவாள், என் மனைவியின் அளவு என் நோட்டில் இல்லை. முப்பத்தேழு வருஷம். கடைசி வருஷம் தோள்பட்டையைக் கொஞ்சம் உள்ளே பிடிக்கச் சொன்னாள். பிடித்துக் கொடுத்தேன். ஏன் இளைத்தாய் என்று கேட்கவில்லை. அரை இஞ்சு என்று மட்டும் நினைத்தேன்.

டப். இதை நினைக்கக் கூடாது, நினைத்தால் இழுப்பு இறுகிவிடும், இழுப்பு இறுகினால் பட்டு சுருங்கும். கை வேலையில் மனம் அப்படியே நூலில் ஏறிவிடுகிறது, இதுவும் மிஷினில் கிடையாது, எவ்வளவு கோபத்தில் மிதித்தாலும் அது அதே தையல்தான் போடும். நாலாம் நாள் போட்ட பூவில் ஓர் இதழ் கொஞ்சம் ஒடுங்கியிருக்கிறது, அது பூலோகம் கோலம் என்று சொன்ன நேரத்தில் போட்டது, எனக்கு மட்டும் தெரியும். அடிப்பக்கத்தைத்தான் நான் உயிராகப் பார்த்திருக்கிறேன். அங்கேதானே தழும்பு. ஒரு முடிச்சுகூடப் போடவில்லை, நூல் தீரும்போது வாலை முந்தின தையல்களுக்கு அடியிலேயே நுழைத்து நுழைத்து மறைத்தேன், புது நூல் எடுக்கும்போதும் அப்படியே. ஒவ்வொரு பூ முடிந்ததும் வளையத்தைத் தலைகீழாக எடுத்து, கண்ணை மூடி, இமையின் மேல் தேய்த்துப் பார்ப்பேன். உடம்பில் அதைவிட மெல்லிய தோல் எனக்குத் தெரியவில்லை. முதல் பூ குத்தியது. பிரித்துப் போட்டேன், அப்போது பழகுகிற துண்டுத் துணியில்தான் போட்டிருந்தேன். பட்டில் போட்ட ஒன்பதும் இமையில் ஒன்றும் செய்யவில்லை, தண்ணீர் பட்ட மாதிரி இருந்தது. இது பத்தாவது. சந்தன நிறப் பூ, அரக்கில் நன்றாக எடுக்கிறது. ஒரு தையல். இன்னும் ஒன்று. இதழின் நுனிக்கு வந்துவிட்டேன், நுனியில் தையல் ஒரு நூல் அகலம்தான். அவ்வளவுதான். முடிந்துவிட்டது. வாலை உள்ளே நுழைத்துவிட்டேன். வெளியே வெயில் எதிர்க்கடைச் சுவரில் ஏறி நிற்கிறது, மணி மூன்று ஆகப்போகிறது. வளையத்தைக் கழற்றித் துணியை வெட்டுப் பலகையில் விரித்தேன். பத்துப் பூ. என் கைகள். அப்புறம் வெட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை சரிபார்க்கலாம் என்று அளவு ஜாக்கெட்டை எடுத்து நல்ல பக்கம் மேலே தெரிய அதன் பக்கத்தில் விரித்தேன். ஊக்கு வலதுபுறம் கிடந்தது. பூக்கள் இடதுபுறம் கிடந்தன.

தப்பாக விரித்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். எடுத்துத் திருப்பிப் போட்டேன். மறுபடி எடுத்துப் போட்டேன். ஜாக்கெட்டை என் மார்பின் மேல் வைத்துக்கொண்டு நின்றேன், ஊக்கு என் இடது பக்கம் இருந்தது. துணியை எடுத்து வைத்தேன். பூக்கள் என் வலது பக்கம் இருந்தன. அப்போதுதான் புரிந்தது. தையல்காரன் துணியின் உள்பக்கத்தைத்தான் பார்த்து வேலை செய்வான். குறி போடுவது உள்பக்கத்தில், மூட்டுவது உள்பக்கத்தில், உலகம் முழுக்க ஜாக்கெட்டை வெளியே நின்று பார்க்கிறது, நான் நாற்பத்து நான்கு வருஷமாக அதன் உள்ளே நின்று பார்க்கிறேன், அணிகிறவர் எப்படி உள்ளே நிற்பாரோ அப்படி. அதனால் என் கண்ணுக்கு இடது என்றால் இடது. பூ வேலையை நல்ல பக்கத்தைப் பார்த்துப் போட வேண்டும் என்று மும்தாஜ் சொன்னாள், நானும் மேலே தெரிவதையே நல்ல பக்கமாக வைத்துத்தான் துணியைக் கட்டினேன், ஆனால் கண்ணைத் திருப்பிக் கட்டவில்லையே. வெளியே நின்று பார்த்தால் என் இடது, எதிரே நிற்கிறவரின் வலது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியும் இது. பதினோரு நாள். நல்ல மார்பின் மேல் பத்துப் பூக்களை நட்டு வைத்திருக்கிறேன். பார்க்கிற கண் பூவில் நிற்கட்டும் என்றாரே, இப்போது பூவில் நின்ற கண் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஒப்பிட்டுத்தான் பார்க்கும். பூவே போடாமல் இருந்திருந்தால்கூட இதைவிடத் தேவலை. பிரித்துவிடலாம், முதலில் அப்படித்தான் ஓடியது மனம், பிரித்துவிட்டு இன்றும் நாளையும் ராப்பகலாக உட்கார்ந்து இந்தப் பக்கம் போட்டுவிடலாம், மூன்று பூவாவது. கத்தரி நுனியால் கடைசி இதழில் ஒரே ஒரு தையலை அறுத்து உருவினேன். இருந்த இடத்தில் இரண்டு துளை. நகத்தால் நீவினேன், எச்சில் தொட்டு நீவினேன், பருத்தியாக இருந்தால் மூடிக்கொள்ளும், பட்டு மூடாது, பட்டுக்கு மறதி கிடையாது. ஒரு தையலுக்கு இரண்டு என்றால் இந்தப் பத்துப் பூவுக்கு எத்தனை. அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிடும் துணி. வெட்டும் இடத்தை மாற்றவும் வழியில்லை, பூக்கள் வலது பக்க வளைவுக்குத்தான் அளவாக உட்கார்ந்திருந்தன. வேறு துணி வாங்கலாம் என்றால் இது புடவையோடு நெய்த துணி, இதே அரக்கு வேறெங்கும் கிடைக்காது, கைக்கு இந்த ஜரிகைக் கரை கிடைக்காது. கடையைச் சாத்திவிட்டுப் போய்விடலாமா. காய்ச்சல் என்று பூலோகத்திடம் சொல்லச் சொல்லலாமா. டீச்சர் வந்து பூட்டைப் பார்ப்பார், அந்த மூன்று வார்த்தை போர்டை மறுபடி படிப்பார், வீட்டுக்குப் போய் சால்வையை எடுத்து மடித்து வைத்துக்கொள்வார். ஷைனி மேடையில் தனியாக நிற்பாள், அல்லது அவளும் ஏறாமல் கீழேயே நிற்பாள். வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்றாரே, ஊரில் எத்தனை பேர் கண் மூடிக்கொண்டு இதைச் சரியாகச் செய்திருப்பார்கள். தெரியும் என்றேனே. தெரியும் என்றேனே.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. துணியைப் பார்க்கப் பிடிக்காமல்தான் கவிழ்த்துப் போட்டேன், கெட்ட செய்தி வந்த கடிதத்தைக் கவிழ்த்து வைப்பதுபோல. கவிழ்த்ததும் பூக்கள் பலகையில் வலதுபுறத்துக்குப் போய்விட்டன. ஊக்கு இருக்கும் பக்கத்துக்கு. நான் அசையாமல் நின்றேன். கையைக்கூட எடுக்கவில்லை. வெறும் பட்டுக்கு நல்ல பக்கம், உள்பக்கம் கிடையாது, இரண்டும் ஒரே அரக்கு, ஒரே மினுக்கம், கைக் கரை தனியாக வெட்டுவது. இன்னும் கத்தரி வைக்கவில்லை. இப்படியே வெட்டினால் பூக்கள் இடது மார்பில் வரும். ஆனால் இது அடிப்பக்கம். நான் குனிந்து பார்த்தேன். பதினோரு நாளில் எத்தனையோ தடவை இமையில் தேய்த்திருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு. குத்துகிறதா என்று பார்த்தேனே தவிர, இருக்கிறதை ஒரு தடவையும் பார்க்கவில்லை. இதழ்கள் முன்பக்கம் மாதிரியே நிரம்பியிருந்தன, ஓரம் கொஞ்சம் கலைந்து, கத்தரித்து வைத்த பூ மாதிரி இல்லாமல் காற்று பட்ட பூ மாதிரி. காம்புகள் முன்னால் முறுக்கிய கயிறாக ஓடியவை, இங்கே சின்னச் சின்னப் புள்ளிக் கோடுகளாக நடந்து போயின. முடிச்சு போடக் கூடாது என்று ஒரு பூவிலிருந்து அடுத்ததற்கு அடியிலேயே நூலைக் கொண்டுபோனேன் அல்லவா, அந்த நூல்களெல்லாம் இங்கே இருந்தன. முன்னால் பத்தும் தனித்தனிப் பூ. பின்னால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெல்லிய சந்தனக் கோடுகள், நான் கார்பன் தாள் வைத்து வரையாத கோடுகள், எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு கொடி. என் வலது கை மேலே ஒரு படத்தை மெனக்கெட்டு நிரப்பிக்கொண்டிருந்த அத்தனை நேரமும் இடது கை இருட்டில் இதை வரைந்துகொண்டிருந்திருக்கிறது. யாரும் பார்க்கப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டு, அல்லது எதையுமே நினைக்காமல்.  கோயிலில் திரை விலகும்போது கும்பிட மறந்து நிற்போமே, அப்படி நின்றேன். பிறகுதான் பயம் திரும்பி வந்தது: இது எனக்கு அழகாக இருக்கிறது, ஆனால் ஒரு பெண்ணிடம் பின்பக்கத்தைக் கொடுத்து இதுதான் முன்பக்கம் என்று எப்படிச் சொல்வேன்.

டீச்சர் நாலே காலுக்கு வந்தார். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, “முடிஞ்சிருச்சா அண்ணாச்சி?” என்றார். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று கடைசி நொடி வரை இருந்தது. “ஒரு தப்பு ஆயிருச்சு டீச்சர்.” “துணி கிழிஞ்சிருச்சா?” “இல்ல. பக்கம் மாறிப்போச்சு. வலது பக்கத்துல போட்டுட்டேன்.” அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் தரையில் கிடந்த நூல் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம் கேட்டது, அழுகிறார் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்தால் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார், தோள் குலுங்குகிறது, வலது கையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். “ஆஸ்பத்திரியில முந்தின நாளு ஒரு டாக்டர் பொண்ணு வந்து என் தோள்ல பேனாவால அம்புக்குறி போட்டா அண்ணாச்சி. இந்தப் பக்கம்னு. எதுக்கும்மான்னேன். பக்கம் மாறிறக் கூடாதுல்ல ஆன்ட்டின்னா. எனக்கு வந்த கோவத்துக்கு… எவளாவது இதுல போயி பக்கத்தை மாத்துவாளாடின்னு மனசுக்குள்ள திட்டினேன்.” மூச்சு வாங்கினார். “நீங்க டாக்டருக்குப் படிக்காம போனது எனக்கு நல்லதாப் போச்சு.” எனக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் பூலோகம் இஸ்திரிப் பெட்டியை வைக்கும் சத்தம் கேட்டது, அவன் காதைத் தீட்டிக்கொண்டிருப்பான், இருக்கட்டும். இடது தோளைத் தன் விரலால் அம்புபோலத் தொட்டுக் காட்டி, “இங்க” என்றார், “குளிச்சாலும் நாலு நாள் போகலை.” இந்தக் கடையில் அவர் அந்தப் பக்கத்தைத் தொட்டுக் காட்டியது அதுதான் முதல் தடவை. அன்று ஊக்குதான் காட்டியது.

நான் துணியைக் கவிழ்த்துக் காட்டினேன். எப்படி வெட்டலாம் என்று சொன்னேன். நல்ல பக்கம் உள்ளே போய்விடும், அதன் மேல் மெல்லிய மல் துணியில் லைனிங் கையாலேயே வைத்துத் தருகிறேன், குத்தாது, ஆனால் வெளியே தெரிவது பின்பக்கம்தான், உங்களுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம் என்றேன். ஒரு தையலைப் பிரித்துப் பார்த்த இடத்தில் இருந்த இரண்டு துளைகளையும் காட்டினேன். டீச்சர் துணியை வாங்கி வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார். கணக்கு நோட்டுத் திருத்துகிறவர் பார்ப்பதுபோல ஒரு மூலையிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார். “இந்தக் கோடெல்லாம் என்ன?” “ஒரு பூவுலேர்ந்து அடுத்த பூவுக்கு நூல் போன வழி டீச்சர். முன்னால தெரியாது.” “இதையா தெரியாம வைப்பாங்க?” அவர் என்னைக் கேட்ட மாதிரி இல்லை. கண்ணாடி முன்னால் போய் நின்றார். புடவைக்கு மேல், இடது பக்கம், துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு பஸ் போனது. இன்னொரு பஸ் போனது. இவ்வளவு நேரம் ஒருவர் கண்ணாடியைப் பார்ப்பதற்கு நான் காத்துக்கொண்டிருந்ததில்லை, கழுத்து சரியா, கை சரியா என்று இரண்டு நொடியில் திரும்பிவிடுவார்கள். மூன்றாவது பஸ்ஸுக்குள் டீச்சர் பலகைக்குத் திரும்பி வந்துவிட்டார். குரல் மாறியிருந்தது, காய்கறிக் கடையில் பேசுகிற குரல். “இடது கை அக்குள்ல ஒரு இஞ்சு கூட விடுங்க. சாயந்தரமானா கை வீங்கிக்கிடுது. இந்தப் பக்கம் உள்ளுக்குள்ள ஒரு பை மாதிரி வேணும், பஞ்சு வைக்கணும், மேல திறந்து. எழுதிக்கிடுங்க, மறந்துருவீங்க.” எழுதினேன். “கழுத்தைப் போன தடவை மாதிரி இறக்கித் தொலைச்சிராதீங்க அண்ணாச்சி. வாறவங்களுக்கெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு கும்பிடணும். ரெண்டு மணி நேரம் மேடையில நிக்கணும்ல.”

அவர் குடையை விரித்துக்கொண்டு தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கொடி கீழே போய், உள்ளே போகப்போகிற பக்கம் மேலே வரும்படி துணியைப் பலகையில் விரித்தேன், சாக்பீஸை எடுத்தேன், கத்தரியை எடுத்தேன், வைத்துவிட்டேன். இடது எது. கண்ணை நம்ப முடியாது, அதற்குப் பழக்கம் வேறு. கண்ணை மூடிக்கொண்டு கையை என் சட்டைக்கு மேல் இடது பக்கம் வைத்துப் பார்த்தேன். உள்ளே அடித்துக்கொண்டிருந்தது, ஒவ்வொன்றாக, யாரும் மிதிக்காமலே, அறுபத்து மூன்று வருஷமாக நான் காது கொடுக்காத ஒரு சத்தம். அந்தக் கையை எடுக்காமல் மற்றக் கையால் துணியில் அதே பக்கத்தைத் தொட்டேன். பூக்கள் அங்கே இருந்தன. கண்ணைத் திறந்து வெட்ட ஆரம்பித்தேன்.